பெயருக்கு உரியவர்

சென்ற ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பூம்பாறையிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கொடைக்கானலைத் தாண்டி, பழனிமலைத் தொடரின் மேற்பகுதியில், படிக்கட்டு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. இளங்கலைத் தமிழ் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய அவர், இன்று இருபது குடும்பங்கள் விளைவிக்கும் மலைப்பூண்டைத் திரட்டி வெளியூர்களுக்கு அனுப்பி வருகிறார். தமிழாசிரியனை அழைக்கும் மாணவர் ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஐயா, சொந்தப் பேருல மின்னஞ்சல் வெச்சுக்கலாம்னு பணம் கட்டிட்டேங்க. மூணு நாளா, இந்தப் பேரு உங்களோடதுன்னு உறுதி செய்ய முடியலைன்னே வருது. ரசீதுகூட இருக்குங்கய்யா. பேரு நாம வாங்குனதுதானே?"

"நாம" என்று அவர் சொன்ன சொல்லை அப்போது நான் கவனிக்கவில்லை.

எல்லோரும் டொமைன் என்று சொல்லும் தளப்பெயரைத்தான் அவர் குறிப்பிட்டார். குறிஞ்சி பூத்த 2018ஆம் ஆண்டில், அவர் தொழில் தொடங்கியபோது, நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பெயர் அது. அதில் ஒரு வலைத்தளம் இருந்தது. ஆனால் மடல்கள் மட்டும் இலவச முகவரி ஒன்றிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. அதில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம், அந்தப் புரட்டாசி வரை.

புரட்டாசியில் யாரோ ஒருவர் அவருடைய முகவரியைப் போலவே, ஓர் எழுத்து மட்டும் மாறிய இலவச முகவரி ஒன்றைத் திறந்து, கோயம்புத்தூரில் பூண்டு வாங்குபவருக்கு எழுதியிருக்கிறார். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் செலுத்துங்கள் என்று. வாங்குபவர் ரூ. 46,000 செலுத்திவிட்டார். அந்தப் பணம் போனது போனதுதான். அதன்பின் அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: சொந்தப் பெயரில் உள்ள முகவரியிலிருந்து பட்டியல் வந்தால் மட்டுமே அடுத்த சுமைக்குப் பணம், மாத இறுதிக்குள் அதற்கு வழி செய்யாவிட்டால் வேறிடம் பார்த்துக்கொள்வேன். இருபது வீடுகளின் பரண்களில் பூண்டுக் கட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் பழனியிலிருந்து பெருமாள்மலை வழியாகப் பேருந்தில் ஏறினேன். தொலைபேசியில் கேட்டுத் தீர்க்கக்கூடிய சிக்கலாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையில் அது என்ன சிக்கல் என்றே எனக்குத் தெரியாது.

அவர் வீட்டில் கைப்பேசிக்குச் சமிக்ஞை எடுக்காது. குழந்தை வேலப்பர் கோயிலுக்கு மேலே சாலை வளையும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை, அங்கேதான் எடுக்கும். மடிக்கணினியை ஒரு பெஞ்சில் வைத்து, கைப்பேசியிலிருந்து இணைய இணைப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் கல்லூரிக் கணினித் துறை நண்பர் ஒருவர் தொலைபேசியில் வழிகாட்டினார்.

முதலில் நண்பர் எனக்கு விளக்கியது, இந்த உறுதிசெய்தல் என்பது என்ன என்பதை. மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனம், ஒரு நீண்ட எழுத்துக்கோவையை நம்மிடம் தருகிறது. அதை நம் தளப்பெயருக்கு உரிய பதிவேட்டில் டி.எக்ஸ்.டி. என்ற வகைப் பதிவாக எழுதச் சொல்கிறது. பிறகு அந்த நிறுவனம், உலகில் எவரும் பார்ப்பதுபோலவே, வெளியிலிருந்து அந்த ஏட்டைப் பார்க்கிறது. தான் தந்த கோவை அங்கே இருந்தால், ஏட்டில் எழுதும் அதிகாரம் உடையவர் இவரே என்று ஏற்றுக்கொள்கிறது. ரசீதைக் கேட்பதில்லை, ஆதார் அட்டையைக் கேட்பதில்லை.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கோவலன் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு. என்னுடையது என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது. மெய்ப்பிக்க இணைச் சிலம்பு அவனிடம் இல்லை. அது கண்ணகியிடம் இருந்தது. அவள் அவைக்கு வந்து, அவனிடமிருந்து பறிக்கப்பட்ட சிலம்பை உடைத்தபோதுதான், உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பது தெளிந்தது. இந்தக் கணினி ஏற்பாட்டிலும் நிறுவனத்திடம் ஒரு சிலம்பு. நம் ஏட்டில் அதன் இணை. ஒத்துப்போனால் வழக்கு முடிந்தது. பாண்டியன் அவையில் நடந்ததற்கு மாறாக, இங்கே சோதனை முதலில், தீர்ப்பு பிறகு.

மாணவரின் ஏட்டைத் திறந்து பார்த்தோம். முதல் பிழை உடனே தெரிந்தது. கோவையை அவர் திரையிலிருந்து படமெடுத்து, அதைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்திருந்தார். ஆங்கிலச் சிற்றெழுத்து 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் எண் 1 இருந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் காலந்தோறும் செய்துவந்த பிழைதான். நகலெடுத்து ஒட்டச் சொன்னேன். முன்னும் பின்னும் ஓர் இடைவெளிகூட விழாமல் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது பிழையை நண்பர்தான் கண்டுபிடித்தார். பதிவின் பெயரைக் கேட்கும் கட்டத்தில், மாணவர் தம் தளப்பெயரை முழுமையாக எழுதியிருந்தார். பல நிறுவனங்களின் பக்கங்கள் அந்தக் கட்டத்தில் எழுதுவதன் பின்னே தளப்பெயரைத் தாமாகவே சேர்த்துக்கொள்ளும். ஆகவே பெயர் இருமுறை வந்து, இல்லாத ஓர் ஊருக்கு எழுதிய முகவரியாகிவிட்டது. கட்டத்தில் வெறுமனே, மின்னஞ்சல் முகவரியின் நடுவே வருமே, அந்தச் சுழிக்குறியை மட்டும் இட வேண்டும். இந்தத் தளப்பெயரேதான் என்று அதற்குப் பொருள். சில பக்கங்களில் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டியிருக்கும்.

திருத்தினோம். "சேமிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் செய்தி வந்தது. மாணவர் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தினார். இல்லை என்றது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் அழுத்தினார்.

"அழுத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார் நண்பர். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஏடு இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது வீண் வேலை என்பதால், நடுவில் இருக்கும் கணினிகள் ஒருமுறை கிடைத்த விடையைக் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்துக்கொள்கின்றன. எத்தனை நொடி வைக்கலாம் என்பதை ஏடே சொல்லும். 3,600 என்று இருந்தால் ஒரு மணி நேரம். "இருக்கிறது" என்ற விடையைப் போலவே, "இல்லை" என்ற விடையும் அப்படி நினைவில் வைக்கப்படும். நாம் எழுதும் முன்பே கேட்டுவிட்டால், எழுதிய பின்பும் சற்று நேரம் பழைய "இல்லை" திரும்பி வரலாம்.

கொடைக்கானலில் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகத்தை நினைத்துக்கொண்டேன். அங்கே எத்தனை நுட்பமான கருவியால் பார்த்தாலும், தெரிவது ஏறத்தாழ எட்டு நிமிடங்களுக்கு முந்தைய சூரியன்தான். இங்கே ஒரு மணி நேரத்துக்கு முந்தைய ஏடு. ஆகவே தேநீர் குடித்தோம். மழை வந்தது, நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் இல்லை என்றே வந்தது.

அப்போது நண்பர், அன்றைய நாளின் பயனுள்ள வாக்கியம் என்று நான் இப்போதும் கருதுவதைச் சொன்னார்: "நீங்கள் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறீர்கள். வெளியே வந்து பாருங்கள்."

கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'என்எஸ்லுக்கப்' என்ற கட்டளையால், எங்கள் பெயருக்கு என்ன டி.எக்ஸ்.டி. பதிவு இருக்கிறது என்று கேட்டோம். நாங்கள் எழுதியது அதில் இல்லை. பிறகு, இந்தப் பெயருக்கான ஏட்டை வைத்திருக்கும் நேம்சர்வர்கள் எவை என்று கேட்டோம். வந்த விடையில் இருந்தது நாங்கள் பெயர் வாங்கிய நிறுவனம் அன்று. முற்றிலும் வேறொரு நிறுவனம்.

இங்கே சற்று வரலாறு சொல்ல வேண்டும். இணையத்தின் தொடக்க நாட்களில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான குழு அதைப் பேணி வந்தது. பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் எழுதுவார்கள், மற்றவர்கள் அந்தக் கோப்பை நகலெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியபோது அது இயலாமல் போயிற்று. 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய பெயர் அமைப்பை வடிவமைத்தார். அதன் உயிர்நிலை அதிகாரப் பகிர்வு. மேலே இருக்கும் ஏடு, கீழே உள்ள பெயர்களின் செய்திகளை எல்லாம் எழுதி வைத்திருக்காது. "இந்தப் பெயரைப் பற்றி இன்னாரிடம் கேள்" என்று மட்டும் சொல்லும். அந்த இன்னார்தான் நேம்சர்வர்.

ஆக, பெயரை விற்ற நிறுவனம் ஒன்று, பெயரின் ஏட்டை வைத்திருப்பவர் மற்றொருவர் என்று இருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் நேர்ந்திருந்தது. வலைத்தளம் அமைத்துக் கொடுத்த இளைஞர், தமக்கு வசதியாக, நேம்சர்வர்களை இணைய இடம் தரும் நிறுவனத்துக்கு மாற்றியிருக்கிறார். அதில் தவறில்லை, வழக்கமாகச் செய்வதுதான். அதை எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெயர் வாங்கிய இடத்தில் இருந்த பக்கமோ, நாங்கள் எழுதியதை எல்லாம் வாங்கிக்கொண்டு "சேமிக்கப்பட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை. சேமித்தது. ஆனால் அந்த ஏட்டை உலகில் எவரும் படிப்பதில்லை. மூன்று நாட்களாக என் மாணவர், எவரும் திறக்காத ஒரு நோட்டில் கவனமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த இளைஞர் வெளிநாடு போய்விட்டார். அவருடைய பழைய எண் இயங்கவில்லை. ஏடு அவர் கணக்கில். கோப்பு ஒன்றை வலைத்தளத்தில் ஏற்றி உறுதிசெய்யும் மாற்று வழியும் உண்டு. அதற்கும் அதே கணக்குதான் வேண்டும். எஞ்சியது ஒரே வழி: நேம்சர்வர்களைப் பெயர் வாங்கிய நிறுவனத்துக்கே திரும்ப மாற்றுவது. அப்படிச் செய்தால் நாங்கள் எழுதிய நோட்டே ஏடாகிவிடும்.

"அவசரப்படாதீர்கள். அந்த ஏட்டில் வலைத்தளத்துக்கான பதிவு இருக்கிறதா?" என்று கேட்டார் நண்பர். இல்லை. அப்படியே மாற்றியிருந்தால், மின்னஞ்சல் கிடைத்து வலைத்தளம் மறைந்திருக்கும். ஆகவே பழைய ஏட்டில் இருந்த பதிவுகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, புதிய ஏட்டில் பதிந்தோம். வலைத்தளத்தின் எண் முகவரி, முன்னே மூன்று டபிள்யூ வரும் பெயருக்கான பதிவு, மின்னஞ்சல் தொடர்பான ஒரு வரி. அதன்பின் மாணவர் நேம்சர்வர் மாற்றத்துக்கான பொத்தானை அழுத்தினார்.

என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசி ஒலித்தது.

ஒருமுறைக் கடவுச்சொல் எனக்கு வந்திருந்தது. பெயர் வாங்கிய கணக்கு என்னுடையது. 2018இல் அவரிடம் வங்கி அட்டை இல்லை. என் அட்டையில் பணம் கட்டினேன். என் பெயரையும் எண்ணையும் மின்னஞ்சலையும் எழுதினேன். அன்று அது உதவி. கடவுச்சொல்லை அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணத்தை அவர் என்னிடம் தந்துவிடுவார். இருவருக்கும் அதில் குறையே தெரியவில்லை. ஆனால் பதிவேட்டின்படி, இருபது குடும்பங்கள் தங்கள் விளைச்சலின்மேல் ஒட்டி அனுப்பும் அந்தப் பெயர், பழனியில் இருக்கும் ஒரு தமிழ் விரிவுரையாளருக்கு உரியது. நான் எண்ணை மாற்றியிருந்தால், என் பழைய மின்னஞ்சலை மறந்திருந்தால், அல்லது அந்த மலைப்பாதையில் எனக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், அவர் யாரிடம் போய் அது என்னுடையது என்று சொல்வார்? மூன்று நாட்களாக நிறுவனம் அவரைப் பார்த்து, இந்தப் பெயர் உங்களுடையது என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று சொன்னதில், அது அறியாத ஓர் உண்மை இருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கடவுச்சொல்லைப் படித்தேன், அவர் தட்டினார்.

பெயரைக் காப்பது அந்த மக்களுக்குப் புதிதன்று. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு நிலத்தில் விளைந்ததை இந்தப் பெயரில் விற்பது அதன்பின் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் காக்கும் பெயர் வேறு, இணைய ஏடு காக்கும் பெயர் வேறு. குறியீடு விளைநிலத்தோடு கட்டுண்டது. தளப்பெயர் ஒரு கணக்கோடு கட்டுண்டது. அந்தக் கணக்கின் சாவி யார் கையில் என்பதை ஏழாண்டுகளாக நாங்கள் யோசிக்கவே இல்லை.

புள்ளி காம் என்று முடியும் பெயர்களுக்கு, மேல் ஏட்டில் நேம்சர்வர் விவரம் 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள், நினைவில் வைக்கத்தக்கது. ஆகவே நான் ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்துவிட்டேன். திங்கட்கிழமை காலை, வகுப்புக்குப் போகும் வழியில் அழைப்பு வந்தது. "ஐயா, ஏத்துக்கிச்சு!"

அத்துடன் முடியவில்லை. இதைப் படிக்கும் யாரேனும் இதே வேலையில் இறங்கினால் பயன்படும் என்பதால் எஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். வரும் மடல்களை எங்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவில் பழைய நிறுவனத்தின் பெயர் இருந்தால் நீக்கிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் மடல் இரு வீட்டுக்கும் பிரிந்து போகக்கூடும். நம் பெயரில் அனுப்ப உரிமை பெற்றவர் யார் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். வரி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். நாங்கள் பழைய ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய அந்த 'மின்னஞ்சல் தொடர்பான வரி' அதுதான். புதிய நிறுவனத்தின் வரியையும் சேர்த்தபோது இரண்டாகிவிட்டது. இரண்டு இருந்தால் பெறுபவர் பிழை என்றே கொள்வார். ஒன்றாக இணைத்தோம். ஒவ்வொரு மடலிலும் முத்திரை இடும் டி.கே.ஐ.எம்., எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டிலும் தேறாததை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் டிமார்க் ஆகியவற்றையும் அமைத்தோம். டிமார்க்கில் முதலில் கண்காணிக்கும் நிலை. நம் மடல்கள் சரியாகத் தேறுவதைப் பார்த்த பின்பே மறுக்கும் நிலை. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோரிடம் ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் இவை மூன்றையும் எதிர்பார்க்கிறது. சிறியவர்களுக்கும் இவை நல்லவையே.

ஆனால் இவை எதுவும், ஓர் எழுத்து மாறிய பெயரோடு வருபவனைத் தடுக்காது. நம் பெயரையே திருடுபவனை மட்டுமே தடுக்கும். அதனால் கணக்கு எண் மாறியதாக மடல் வந்தால், தொலைபேசியில் என் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள் என்று வாங்குபவருக்கு எழுதச் சொன்னேன். எத்தனை முத்திரை இருந்தாலும், தெரிந்த குரலுக்கு ஒரு மதிப்பு உண்டு.

கடைசியாக நான் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. பெயருக்கு உரியவர் என்ற இடத்தில் அவருடைய பெயரையும் முகவரியையும் எண்ணையும் எழுதி, கணக்கை அவரிடம் ஒப்படைத்தேன். புதிய முகவரியை உறுதிசெய்யக் கேட்டு அவருக்கு ஒரு மடல் வரும். 15 நாட்களுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் பெயரே முடக்கப்படலாம் என்பதால், அன்றே சொடுக்கச் சொன்னேன். அந்த மடல் போக வேண்டிய முகவரியாக, அவர் தம் சொந்தத் தளப்பெயரில் உள்ளதைத் தர முனைந்தார். வேண்டாம் என்றேன். என்றேனும் அந்தப் பெயர் முடங்கினால், மீட்கும் மடலும் அதோடு முடங்கிவிடும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதுபோல.

மாத இறுதிக்கு நான்கு நாட்கள் முன்பு கோயம்புத்தூருக்குப் புதிய முகவரியிலிருந்து பட்டியல் போயிற்று. பணம் வந்தது. போன ரூ. 46,000 திரும்ப வரவில்லை.

பெயர் வாங்கிய நிறுவனத்திடமிருந்து எனக்கும் ஒரு மடல் வந்தது. இந்தத் தளப்பெயருக்கு உரியவர் இனி நீங்கள் அல்லர் என்று இரண்டு வரியில் அறிவித்திருந்தார்கள். நான் பெறும் அறிவிப்பு மடல்களைப் படித்ததும் நீக்கிவிடுவது வழக்கம். இதை இன்னும் நீக்கவில்லை.